கழித்துப்போட்ட நத்தைகள்

சின்னவளுக்குக் குறி பார்க்கும் டாரட் சீட்டில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. வரைவதோடு சரி. மற்றவர்கள் சீட்டில் ராஜாவும் ராணியும் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்க, இவள் கொல்லையில் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து வைத்தாள். இடிந்து விழும் கோபுரம் என்ற சீட்டுக்கு மழையில் கரைந்த புற்று, மரணத்துக்கு நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, காதலருக்குக் கம்பிவேலியில் பின்னிக்கொண்ட இரண்டு கொடிகள். தனித்திருக்கும் துறவிக்கு நத்தை. சீட்டின் முதுகில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே புல்வெளி.

"எந்தக் கம்பெனிக்காரன் காலையும் பிடிக்க வேண்டாம், நாமளே அச்சுப் போட்டு விக்கலாம்" என்று இதை ஆரம்பித்துவைத்தவள் அக்காதான். அச்சாகி வரும் தாள்களை அவள்தான் வெட்டுவாள். கைக்கருவியில் வைத்து அழுத்தி, ஒவ்வொரு சீட்டின் கூர்மூலையையும் வளைவாக நறுக்கி உருட்டுவதும் அவள்தான். அந்தக் கருவியை வேறு யாரும் தொடக்கூடாது.

புருஷன் போனபிறகு தங்கையோடு வந்து சேர்ந்தவள் அக்கா. சீட்டுக்கு அட்டைப்பெட்டி செய்துதரும் பெட்டிக்காரரும் மனைவியை இழந்தவர். போன வாரம் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, என்னைக் கட்டிக்கொள்ள சம்மதமா என்று அக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டார். அவர் வீடும் பட்டறையும் வெளியூரில். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அக்கா.

இனி சீட்டை யார் வெட்டுவது என்பது சின்னவள் வெளியே சொல்லிக்கொண்ட கவலை. சாயங்காலம் இந்த மேசைக்கு எதிரே யார் உட்காருவார்கள் என்பதுதான் உள்ளே அரித்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. வீம்புக்கு அந்த வீட்டில் என்றைக்குப் பஞ்சம்?

"நாளைக்கு அவருக்குப் பதில் சொல்லணும். உன் சீட்டுலயே ஒண்ணு எடுத்துப் பாத்துடலாமா?" என்றாள் அக்கா.

"எடேன். எனக்கென்ன."

அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்துச் சின்னவள் காரியத்தில் இறங்கினாள். முதல் அச்சில் நிறம் கறுத்துப்போனதென்று கழித்துப்போட்ட நத்தைச் சீட்டுகள் ஒரு கட்டு மூலை உருட்டாமல் கிடந்தன. கருவியை முதல்முறையாகக் கையில் பிடித்து எல்லாவற்றையும் உருட்டினாள். எதை உருவினாலும் நத்தைதான் வரும். அர்த்தம் சொல்வதா பெரிய கஷ்டம்?

அக்கா வந்து, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கை நீட்டிய சீட்டுக்கட்டை வாங்கிக் கலைத்தாள். வெகுநேரம் கலைத்தாள். பிறகு ஒன்றை உருவினாள்.

"நத்தை."

"இருக்கற கூட்டை விட்டுப் போகாதேன்னு அர்த்தம்" என்றாள் சின்னவள், கொஞ்சம் அவசரமாகவே.

"அடுத்ததும் நத்தைதான். அதுக்கடுத்ததும்." அக்கா எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மூலையை விரலால் தடவினாள். "நாலு மூலையும் நாலு தினுசா இருக்கு. கையில வாங்கினதுமே தெரிஞ்சுபோச்சுடி."

சின்னவள் கருவியை மெல்ல அக்கா பக்கம் தள்ளினாள்.

"சீட்டு சொல்றதைக் கேக்க எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அக்கா. "இந்தச் சாக்குலயாவது நீ வாயைத் தொறப்பேன்னு பாத்தேன்."

"இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

பொய் சொல்லி அக்காவுக்குப் பழக்கமில்லை.

"மாட்டேன். ஆனா உன் வாயால அதைக் கேட்டுட்டுப் போயிருப்பேன்."

"போகாதேக்கா" என்றாள் சின்னவள்.

"ம்" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கருவியைத் தங்கை பக்கம் நகர்த்தி, புது அச்சில் மூலை உருட்டாத சீட்டு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"நல்லா உள்ள தள்ளி வச்சு, ஒரே அழுத்தா அழுத்து. ரெண்டு தடவை அழுத்தினா பிசிறு விழும்."