வேம்புலி வந்ததும்

கல்யாணமாகி ஒன்பதாம் மாதம் வேம்புலிக்கு ஆந்திராவில் மேடக் ஃபேக்டரிக்கு மாற்றல் வந்தது. ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர் அவன். முத்தாபுதுப்பேட்டையில் குடியிருந்தபடியே அவன் கட்டிக்கொண்டிருந்த வீடு பாதியில் நின்றது. கிளம்புகிற அன்று வீட்டை ஒருமுறை சுற்றி வந்து மனைவியிடம் சொன்னான்.

"நீ எதையும் தொடாத நாகு. இன்னா இன்னா வேலை கீதோ, எய்தி வை. நான் வந்து ஒரே மூச்சுல முடிச்சுடறேன்."

நாகவல்லி எழுதி வைத்தாள். நோட்டின் முதல் பக்கத்தில் 'மாமா வந்ததும்' என்று தலைப்புப் போட்டு, கீழே வரிசையாக எழுதினாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெளிச்சுவர் பூசவேண்டும். ரேஷன் கார்டில் தன் பெயரைச் சேர்க்கவேண்டும். வேம்புலி இரண்டு முறை வந்தான். ஒருமுறை சொந்தத்தில் ஒரு சாவு, ஒருமுறை கல்யாணம். இரண்டு முறையும் சொந்தக்காரர் வீடுகளுக்கு அலைவதிலேயே பொழுது போனது. பதினான்கு மாதத்தில் நோட்டில் எழுபத்தோரு வேலைகள் சேர்ந்திருந்தன. ஒரு வேலையை எழுதும்போதெல்லாம் அவன் அதைச் செய்துகொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்துக்கொள்வாள். அதற்காகவே சில வேலைகளைத் தேடிப்பிடித்து எழுதியதும் உண்டு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் டைப்பிஸ்ட். 1993 நடுவில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. மெஷின்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் வருடாந்திர ஷட்டவுனில் செய்யவேண்டிய வேலைகளுக்காகப் புதிதாக ஒரு ப்ரோக்ராம் வாங்கியிருந்தார்கள். பிளானிங் மேனேஜர் பாஸ்கரன் அதைக் கற்றுக்கொள்ளும் பொறுப்பை நாகவல்லியிடம் விட்டார். வேலையின் பெயர், எத்தனை நாள் ஆகும், யார் செய்வது, எதற்குப் பிறகு எது என்று அடித்துக்கொடுத்தால் போதும். அதுவே தேதி போட்டு, கோடு கோடாக வரைந்து காட்டிவிடும். கம்பெனியின் நூற்று நாற்பது வேலைகள் அப்படித் திரையில் ஒழுங்காக வந்து நின்றதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

தீபாவளி கழிந்த சனிக்கிழமை மத்தியானம் பாஸ்கரனிடம் கேட்டாள்.

"சார், என் ஊட்டு வேலைய இதுல போட்டுப் பார்க்கட்டுமா?"

"போட்டுக்கோம்மா. ஷட்டவுன் ஃபைலை மட்டும் அழிச்சிடாதே."

நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுபத்தொன்றையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். யார் செய்வது என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் வேம்புலி என்றே போட்டாள். பொங்கலுக்கு நான்கு நாள் லீவில் வருவதாக அவன் எழுதியிருந்தான். ஆரம்பம் ஜனவரி 13 என்று கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

முடியும் தேதி பிப்ரவரி 26 என்று வந்தது.

தப்பாக அடித்துவிட்டோமோ என்று திரும்பப் பார்த்தாள். தப்பில்லை. செய்கிறவன் ஒருவன்தான் என்பதால் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தியிருந்தது. பதினாறாம் தேதியோடு அவன் லீவு முடிந்துவிடும். அந்த நான்கு நாளை மட்டும் உற்றுப் பார்த்தாள். காலை முதல் மாலை வரை குழாய், தாழ்ப்பாள், சுவர். அவன் தன்னோடு உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிப்பதற்குக்கூட அதில் இடமில்லை. செக்‌ஷனில் யாருமில்லாததால் கொஞ்சநேரம் அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போய் வேம்புலியை அழித்து நாகவல்லி என்று மாற்றினாள்.

ஆவடி மார்க்கெட்டில் வாஷர் வாங்கிக் குழாயைத் தானே கழற்றி மாட்டினாள். அரைநாள் லீவு போட்டு ரேஷன் கார்டில் பேரைச் சேர்த்தாள். கொத்தனாரைப் பிடித்துச் சுவரைப் பூசவைத்தாள். சனிக்கிழமைதோறும் முடிந்த வேலைகளுக்கு நேராகத் திரையில் நூறு சதவீதம் என்று போடுவாள். போகிக்கு முந்தின நாள் எழுபத்தொன்றுக்கும் நூறு விழுந்தது. அதை அச்செடுத்து மடித்து எடுத்துக்கொண்டாள்.

போகியன்று காலையில் வேம்புலி வந்தான். கை கால் கழுவப் போனவன் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு உடனே திரும்பி வந்தான்.

"கொயாவ யார் பாத்தது?"

"நான்தான்" என்று பெருமையோடு அச்செடுத்த தாளை நீட்டினாள்.

நின்றபடியே கடைசிவரை படித்தான். "எல்லாத்தையுமா முடிச்சிட்ட?"

"எல்லாத்தையும்."

அவன் சட்டைப் பையிலிருந்து நான்கு தோல் வாஷர்களை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"லீவு நாள்ல ரூம்ல உக்காந்துகினு, இந்தக் கொயாவ எப்டி கய்ட்டறது, தாப்பாள எங்க வெக்கிறதுன்னு நென்ச்சிகினே இருப்பேன் நாகு. அப்ப இங்கியே கீற மாரி இருக்கும். இப்ப நான் இன்னாத்த நெனைக்கிறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. "வர்றது நாலு நாளு. நாலு நாளும் செவுத்தப் பாத்துகினே நிப்ப. உன் மொகத்த நான் எப்ப பாக்கறது மாமா?"

அவன் தாளை மடித்து வாஷர்களுக்குப் பக்கத்தில் வைத்தான். அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். "சரி, பாரு" என்றான். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

அந்த நான்கு நாளும் சுலபமாக இல்லை. அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. இறுக்கமாக இருந்த திருகாணிகளையே மறுபடி முறுக்கினான். காணும்பொங்கலன்று எந்த வேலையும் இல்லாமல் இருவரும் பூந்தமல்லி வரை பஸ்ஸில் போய்வந்தார்கள். திரும்பும்போது அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஆவடி ஸ்டேஷனில் அவன் ஏறிய சென்ட்ரல் வண்டி நகர்ந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. நோட்டில் எழுத ஒன்றுமில்லாத வீட்டுக்கு இனி தனியாகப் போகவேண்டும்.

மார்ச்சில் ஷட்டவுன் முடிந்ததும் பாஸ்கரனிடம் பத்து நாள் லீவு கேட்டாள்.

"என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல சார். அவர் அங்க கீறாரு, நான் இங்க கீறேன்."

அவர் வேறு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஹைதராபாத்தில் இறங்கியபோது வேம்புலி பிளாட்பாரத்தில் நின்றிருந்தான். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். அவன் தங்கியிருந்த அறையைத் திறந்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை செருகியிருந்தது. ஃபேன் சுற்றவில்லை. சுவிட்ச் போர்டு ஒரு ஒயரில் தொங்கியது.

"ஃபேக்டரிக்கே ஃபிட்டர், இது இன்னா மாமா?"

"இது நம்ப ஊடு இல்லியே நாகு" என்றான் அவன்.

அவள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, அட்டையைப் பிடுங்கி எறிந்தான். வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"நீ குந்து. எத்தினி நாள் லீவு?"

"பத்து."

அன்று அவன் வேலைக்குப் போகவில்லை; அவளோடு உட்கார்ந்து காபி குடித்தான்.