இரண்டு வீட்டுக்கு ஓர் அடுப்பு

ஞாயிறு காலைகளில் சிங்கப்பூரின் காலாங் ஆற்றங்கரையின் பழைய கதையைச் சொல்லி ஆட்களை நடத்திக் கூட்டிப்போவது ரத்னவேலின் ஓய்வுக்கால வேலை. எழுபது வயதாகியும் குரல் தேயவில்லை. அன்று பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளுக்கு எதிரே நிழல் பார்த்து அவர்களை நிறுத்தினார்.

"இங்கதான் குடிசைங்க இருந்துச்சு. பன்னிக் கொட்டகை, வாத்துப் பண்ணை, படகுப் பட்டறை, எல்லாக் கழிவும் ஆத்துலதான். எழுபத்தேழுல சுத்தம் பண்ண ஆரம்பிச்சாங்க, முடிக்கப் பத்து வருஷம் ஆச்சு. இங்க இருந்தவங்க எல்லாருக்கும் புது வீடு கிடைச்சுது."

"எல்லாருக்கும்னு சொல்லாதீங்க அண்ணே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சொன்னவர் பெயர் பூவம்மா. அறுபத்தேழு வயது, கையில் மடக்குக் குடை.

"நான் இங்கதான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். அண்ணன் தம்பி ரெண்டு குடும்பத்துக்கும் சேத்து ஒரே வீடுதான் குடுத்தாங்க. ஆங் மோ கியோவுல, மூணு ரூம் வீடு. பதினோரு உருப்படி."

வந்தவர்களில் ஒருவர், எதிர்க் கட்டடத்தில் குடியிருக்கும் வெங்கடேஷ், சிரித்தார். சென்னையிலிருந்து வந்து ஐந்து வருடமாகக் கணினி வேலை பார்ப்பவர். "பதினோரு பேரா? எங்க வீட்டுல நாலு பேருக்கே பாத்ரூம் சண்டை வருதுங்க."

"சண்டை வராம இருக்குமா லா? எட்டு மாசம் தாக்குப் பிடிச்சோம். அப்புறம் பிள்ளையத் தூக்கிட்டுத் தஞ்சோங் பகார்ல வாடகை ரூமுக்குப் போயிட்டோம். எல்லாம் என் ஓரகத்தி பாப்பம்மாள் செஞ்ச வேலை. வீடு குடுக்கறதுக்காகக் கணக்கெடுக்க வந்தவர்கிட்ட நாங்க ஒரே குடும்பம்னு சொல்லி, வீட்டைத் தன் புருஷன் பேர்ல வாங்கிக்கிட்டா. அன்னிலேருந்து பேச்சுவார்த்தை இல்ல. கூடப் பிறந்த அண்ணன் செத்ததுக்குக்கூட என் வீட்டுக்காரர் போகல."

ரத்னவேல் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். "கணக்கெடுக்க வந்தவரை ஞாபகம் இருக்காம்மா?"

"தமிழ்ப் பையன். மீசைகூடச் சரியா முளைக்கல. நம்ம ஆளு வந்திருக்காருன்னு எங்க மாமியார் சேவல் அடிச்சாங்க. எப்பவும் தனித்தனியா சமைக்கிறவங்க, அன்னிக்கு மட்டும் ரெண்டு வீடும் சேந்து ஒரே அடுப்புல ஆக்கினோம். உள்ள பாய் போட்டு உக்கார வச்சுப் பரிமாறினோம்."

அந்தச் சேவல் குழம்பு ரத்னவேலுக்கு மறக்கவில்லை. தனித்தனியாகச் சமைத்தால் தனித்தனிக் குடும்பம் என்பது அன்றைய விதி. இரண்டு கதவுக்குள்ளும் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போன வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதும் விதி. அவர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பாயில் உட்கார்ந்தபடியே ஓர் அடுப்பைப் பார்த்தார், ஒரு குடும்பம், தலைவர் மூத்தவர் என்று எழுதினார். பாப்பம்மாளின் கணவர் வேலாயுதம் அலுவலகத்துக்கு வந்து முறையிட்டபோது, கிளறினால் சாப்பிட்ட விஷயம் வெளியே வருமே என்ற பயத்தில், பதிந்ததை மாற்ற முடியாது என்று திருப்பி அனுப்பினார்.

இப்போதும் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆட்கள் அடுத்த இடத்துக்கு நகரத் தயாராக நின்றார்கள்.

"பாப்பம்மாள் எதுவும் சொல்லலம்மா," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் யாரையும் கேக்கவே இல்ல. அந்தப் பையன் நான்தான்."

பூவம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப முடி இருந்துச்சு," என்றார்.

ரத்னவேல் ஒன்றுவிடாமல் சொன்னார். பன்னிரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வெங்கடேஷ் கைத்தொலைபேசியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூத்தவரு வந்து கேட்டாரா?"

"ரெண்டு தடவை வந்தாரு. தம்பிக்குத் தனி வீடு வேணும்னுதான் கேட்டாரு."

பூவம்மா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆச்சு அண்ணே. கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம்."



பூவம்மா தொலைபேசியை எடுத்து எண்ணைத் தேடினார். பாப்பம்மாள் இப்போது பிடோக்கில் மகள் அனிதாவோடு இருந்தார். அனிதா தீபாவளிக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புவாள். பூவம்மா ஒருமுறைகூடப் பதில் போட்டதில்லை.

"சித்தி? நீங்களா?"

"அம்மாகிட்ட குடு."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கரகரத்த குரல் வந்தது. "யாரு செத்துட்டா?"

"யாரும் சாகலக்கா. நம்ம வீட்டைக் கணக்கெடுக்க வந்த ஆளு இங்க நிக்கிறாரு. தானாவே எழுதிட்டேங்கிறாரு. நீ சொல்லலையாம்."

"அதைத்தானே நான் அன்னிக்கே தலையில அடிச்சுக்கிட்டு சொன்னேன்."

"சொன்னே."

"எங்க வீட்டுக்காரரு ஆபீசுக்குப் போய்க் கேட்டுட்டு வந்தேன்னப்ப, நடிக்கிறாருன்னீங்க."

"நான்தான் சொன்னேன்."

பிடோக்கில் யாரோ குழாயைத் திறந்து மூடியது கேட்டது.

"அந்த ஆளுகிட்ட போனைக் குடு," என்றார் பாப்பம்மாள்.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க," என்றார் ரத்னவேல்.

"அது கிடக்கட்டும். எழுதிக் குடுப்பீங்களா? தம்பியை ஏமாத்தினவன்னு எங்க வீட்டுக்காரருக்குப் பேரு. என் மவன் அதைக் கேட்டுத்தான் வளந்தான். வாயால சொன்னா அவன் நம்ப மாட்டான், காகிதத்துல வேணும்."

நடைக்கான வரைபடத் தாள் ஒன்று மிச்சமிருந்தது. ரத்னவேல் அதைத் திருப்பித் தொடையில் வைத்து எழுதினார். வேலாயுதம், அவர் தம்பி மாசிலாமணி இருவருடைய குடும்பங்களையும் ஒரே குடும்பம் என்று பதிந்தது நான். அடுத்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கவில்லை. யாரும் அப்படிச் சொல்லவுமில்லை. வேலாயுதம் இரண்டு முறை வந்து முறையிட்டும் நான் மாற்றவில்லை.

பூவம்மா வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சாப்பிட்டதையும் எழுதுங்க."

எழுதினார்.

"அடையாள அட்டை ஐசி நம்பர் போடுங்க. யாரோ கிறுக்கினதுன்னு சொல்லிடக் கூடாது."

அதையும் போட்டுக் கையெழுத்திட்டார். "நானும் கூட வரட்டுமாம்மா?"

"வேண்டாம். முதல்ல நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம். உங்க நம்பரைக் குடுங்க, உங்களைத் திட்டணும்னா அவளே கூப்பிடுவா."

கொடுத்தார். பூவம்மா தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்து, பிடோக்குக்கு ரயிலேறக் காலாங் ஸ்டேஷனுக்கு வழி கேட்டுக்கொண்டு கிளம்பினார்.