கிழிக்க முடியாத டிக்கெட்

செல்லுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த விதத்திலேயே, கீழ்த்தள ஆய்வுக்கூடத்தில் மருந்து செய்துகொண்டிருந்த அவளுக்குப் புரிந்துவிட்டது. நல்ல சேதி என்றால் அந்த மனிதர் மாடிப்படியிலிருந்தே கத்திக்கொண்டு வருவார். இன்று கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து, சுவரில் சாய்ந்து நின்றார். மேல்மாடியில் உயிருள்ள செல்களை வளர்ப்பவர் என்பதால் அவருக்கு அவள் வைத்த பெயர் அது. வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, சார்ஜ் நிற்காத ஒரு போனை அவள் பையில் போட்டு, "அவர்கிட்ட காட்டிட்டு வாக்கா" என்று தம்பி அனுப்பிய கதை ஆய்வுக்கூடத்தில் இன்னும் ஓடுகிறது.

"உன் மருந்து செல்லுக்குள்ள போகலம்மா" என்றார்.

"கொஞ்சங்கூடவா?"

"துளிகூட இல்ல. வெளியிலயே மிதக்குது. நீ தொப்பி போட்டு அனுப்பினியே, அது மட்டும் உள்ள போகுது. போயி சும்மா உக்காந்திருக்கு. தொப்பியக் கழட்ட அங்க ஆளில்ல."

தொப்பி என்றால் எத்தில் என்ற சின்னக் கார்பன் தொகுதி. பாஸ்பரஸைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்களை அது மூடிக்கொண்டிருக்கும். துத்தநாகத் தூள், செம்பு உப்பு, இரண்டு ஃப்ளோரினைச் சுமக்கும் ஒரு கார்பன் என்று, காற்றில் ஈரம் இருந்தாலே கெட்டுப்போகும் சமாச்சாரத்தைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலப் பார்த்துப் பார்த்துச் செய்து, கடைசியில்தான் தொப்பியைக் கழற்றுவாள். கழற்றினால் அதில் மின்சுமை ஏறிவிடும்; கொழுப்பாலான செல்சவ்வு கிட்டவே சேர்க்காது. கழற்றாவிட்டால் சவ்வு உள்ளே விடும். ஆனால் உள்ளே அந்த மருந்து மடக்க வேண்டிய நொதி அதை ஏறெடுத்தும் பார்க்காது. கழன்றுவிடும் தொப்பிகளாகவும் மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. சில வழியிலேயே கழன்றன, சில செல்லையே கொன்றன.

விஷயம் கேட்டதும் ஆய்வுக்கூடத் தலைவர் வருத்தப்படக்கூட இல்லை. "சோதனைக்குழாய் முடிவே அற்புதமா இருக்கேம்மா. கட்டுரைய எழுதி முடிச்சிடு. அதுக்கப்புறம் வேற வேலை பாக்கலாம்" என்றார்.

கட்டுரை எழுதிவிடலாம். தம்பியிடம் எப்படிச் சொல்வது?

அவன் நகரப் பேருந்து ஓட்டுபவன். சர்க்கரை வலது காலில் வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் ஒரு கொப்புளம். அவனுக்கு வலிக்கவில்லை, அதனால் அது கொப்புளமே இல்லை. பிறகு இரண்டு விரல் கறுத்தது. எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அந்த வாரம்தான் சோதனைக்குழாயில் அந்த முடிவு வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "டேய், என் மருந்து வேலை செய்யுதுடா!" என்று இவள் கத்தினாள்.

அவனுக்குப் புரியும்படி விளக்கவும் செய்தாள். "சர்க்கரைய உள்ள விடச் சொல்லி இன்சுலின் ஒரு டிக்கெட் குடுக்கும்டா. அந்த நொதி இருக்கே, அது ஒரு கண்டக்டர். டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுடும். நான் செய்யறது கிழிக்க முடியாத டிக்கெட். ஆக்சிஜன் இருக்க வேண்டிய எடத்துல ஃப்ளோரின் வச்ச கார்பன். பாக்க அசல் மாதிரியே இருக்கும். அதப் புடிச்சுக்கிட்டு கண்டக்டர் முழிச்சிட்டு நிக்கும்."

"எங்க கண்டக்டருக்கு ஒண்ணு குடுக்கா. அவன் வாயாவது மூடட்டும்" என்று சிரித்தான்.

மறுநாள் டாக்டரிடம், "அக்கா மருந்து வரட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். குழாயில் ஜெயித்தது கடைக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும், வந்தாலும் அது சர்க்கரைக்குத்தான், செத்த விரலுக்கு இல்லை என்று அன்றே சொல்லியிருக்கலாம். அவன் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் வந்திருந்த தெளிச்சியைப் பார்த்து, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த அப்புறத்துக்குள் கறுப்பு பாதி பாதத்துக்கு ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தம்பி மனைவி மடக்கினாள். "நாளைக்குள்ள ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலன்னா முழங்காலுக்கு மேல போயிடுமாம் அண்ணி. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா பொண்டாட்டி புலம்பலாப் போயிடுது."

ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து, கீழே போகும் பேருந்துகளைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். "பாருக்கா, திருப்பத்துல கிளட்ச மிதிச்சுக்கிட்டே போறான். வண்டிய அழ வைக்கிறான் பாவி."

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "டேய், இன்னிக்கு ரிசல்ட் வந்துச்சு."

அவன் திரும்பினான்.

"டிக்கெட் நல்ல டிக்கெட்தான்டா. ஆனா பஸ்ஸுல ஏற மாட்டேங்குது. படியிலயே நிக்குது."

"தள்ளி ஏத்து."

"தள்ளிப் பாத்துட்டேன்."

"அடுத்த பஸ்ஸு?"

"அடுத்த பஸ் இல்லடா. ஏறியிருந்தாலும்..." கால்மாட்டில் சுருண்டிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "ஏறியிருந்தாலும் இந்தக் காலுக்கு அது வந்திருக்காது. அன்னிக்கே தெரியும் எனக்கு."

தம்பி மனைவி கதவருகே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் திட்டுவான் என்று அக்கா காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி விடு, எடுத்துடட்டும்" என்றான். "டெப்போவுல உக்கார வச்சு நேரம் குறிக்கச் சொல்வானுங்க. இல்ல, அதுவும் சொல்ல மாட்டானுங்க." மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

துணி சுற்றிய அந்தப் பாதத்தை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சுண்டு விரலை அழுத்தினாள். அடுத்ததையும். அவனுக்கு அது உறைக்கவே இல்லை; வெளியே பார்த்தபடியே இருந்தான்.

கீழே யாரோ குறுக்கே ஓட, ஒரு பேருந்து நீளமாக ஹாரன் அடித்தது. கட்டிலில் அவன் தோள் விறைத்தது. துணிக்குள்ளிருந்த பாதம் சட்டென்று கீழே இறங்கி, அவள் உள்ளங்கையில் பலமாகப் பிரேக்கை மிதித்தது. பேருந்து நின்றுவிட்டது. அவன் பாதத்தை எடுக்கவில்லை.

"பேசாம இருக்கியே" என்றான் அவன், திரும்பாமல். "இங்கதான் இருக்கியா?"