கறுப்பின் மேல் கறுப்பு

புதுப் படம் வரையும் முன் பழைய படத்தைத் திரையிலிருந்து துடைத்தாக வேண்டும். கிராபிக்ஸ் மென்பொருள் அதை ஒழுங்காகச் செய்கிறதா என்று சோதிப்பது அவள் வேலை. பேருந்தின் பின்பக்கக் கேமரா அனுப்பும் படத்தை அந்த மென்பொருள் புள்ளி புள்ளியாக எடுத்து, ஓட்டுநர் முன்னால் உள்ள திரையில் ஒட்டும். கேமரா வயரைக் கழற்றினால் திரையைத் துடைத்துக் கறுப்பாக்கும். கறுத்தால் யாரோ பின்னால் வேலை செய்கிறார்கள் என்று பொருள். படம் தெரிந்தால் வண்டியை நகர்த்தலாம்.

"திரை டெஸ்ட்ல பாஸாயிடுச்சு, கண்ண மூடிக்கிட்டு நம்புங்க" என்று காலையில்தான் கணவனிடம் சொல்லியிருந்தாள். அவள் வேலை செய்யும் அதே பேருந்துப் பணிமனையில் அவன் மெக்கானிக். இப்போது அவள் அறைக்குக் கீழே, வண்டிக்குள் வயரைக் கழற்றிவிட்டு வந்து, சுவருக்கும் பேருந்துக்கும் நடுவே நின்று கேமரா மாற்றுகிறான்.

பக்கத்து நாற்காலி சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன் அவளது சோதனையை எட்டிப் பார்த்தான்.

"ஏங்க, படத்த வைக்கிற புது மெமரி முதல்லயே கறுப்பாத்தான இருக்கு? அதுமேல கறுப்பத் தடவினா, தொடச்சுதான்னு எப்படித் தெரியும்? கழுவின தட்டக் காட்டி, பாரு கழுவிட்டேன்னு சொல்றீங்க!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நினைவகம் முழுக்கச் சிவப்பை நிரப்பினாள். துடைக்கச் சொன்னாள். ஒவ்வொரு புள்ளியாகத் திரும்பப் படித்தாள்.

சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

துடைக்கவே இல்லை. அப்படியானால் வயரைக் கழற்றிய பிறகும் கடைசிப் படம்தான் திரையில் நிற்கும். ஆளில்லாத சுவர்.

போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை, கையெல்லாம் கிரீஸாக இருக்கும். கீழே இன்ஜின் உறுமியது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பேருந்து பின்னோக்கி ஊர்ந்தது.

"நிறுத்துங்க!" அவள் குரல் அந்த உறுமலில் அமுங்கிப்போனது.

சுவரிலிருந்த தீ அபாயப் பெட்டியின் கண்ணாடியை முழங்கையால் இடித்தாள். மணி அலறியது. மணி அடித்தால் இன்ஜினை அணைத்தாக வேண்டும் என்பது பணிமனை விதி. உறுமல் நின்றது.

படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். அவன் சுவரோடு ஒட்டி நின்றான். சட்டைப் பொத்தான்கள் பேருந்தில் உரசிக்கொண்டிருந்தன.

"வயித்த எக்கிக்கிட்டு நிக்கிறேன்டி. வண்டிய முன்னால எடுக்கச் சொல்லு."

அவள் ஓட்டுநரிடம் ஓடினாள். "பின்னால ஆள் இருக்காரு! முன்னால எடுங்க!"

அவர் முகம் வெளுத்தது. வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து நிறுத்திவிட்டு, திரையைக் காட்டினார்.

"நீங்களே பாருங்கம்மா. யாருமே இல்லையே!"

பின்னாலிருந்து அவன் இருமுவது கேட்டது. திரையில் வெறும் சுவர், பளிச்சென்று தெரிந்தது.