கரையைப் பார்த்த செருப்புகள்

ஸ்பூனில் கொடுத்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது. மகள் துண்டால் ஒற்றினாள். அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“மஞ்சப் படகு வந்துடுச்சா?”

“வந்துடும்பா. பேசாம படுங்க.”

டாக்டர் காலையிலேயே கைவிரித்துவிட்டார். சீசன் நேரத்தில் கடையை மூடாதே என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால்தான் மத்தியானம் ஓர் இளம் ஜோடிக்கு அந்த மஞ்சள் படகை வாடகைக்குக் கொடுத்தாள். இப்போது வெயில் இறங்கிவிட்டது.

ஏரிக்குக் கூடாரம் அடிக்கவும் படகோட்டவும் வருகிறவர்களை நம்பித்தான் அவர் பிழைப்பு. கடைசிப் படகு வராமல் ஒரு வாய் சாப்பிட்டவரில்லை. படகேறுகிறவர்கள் துறையில் கழற்றிப் போட்ட செருப்புகளை ஒவ்வொன்றாகக் கரையைப் பார்த்துத் திருப்பி வைப்பார். “இறங்கினதும் மாட்டிக்கிட்டு நடக்க வேணாமா?” என்பார்.

சாகப்போகிற நேரத்திலும் ஊரார் வீட்டுப் பிள்ளைகள் மேல்தான் கவலையா என்று அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இந்தத் தவிப்போடு அவரை அனுப்பக் கூடாது.

“அப்பா, வந்துடுச்சு. நானே கட்டிட்டேன்.”

அவர் மெல்ல ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். கீழே துறை தெரிந்தது.

“பொய் சொல்லாத. செருப்பு கிடக்கு பாரு.”

அவள் இறங்கி ஓடினாள். இரண்டு ஜோடியையும் வாரிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

“இப்ப பாருங்கப்பா.”

துறையின் வெற்றுப் பலகையை நெடுநேரம் பார்த்தார். “ம்” என்றார். இழுத்துக்கொண்டிருந்த மூச்சு தணிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கீழே துடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

“அக்கா! எங்க செருப்ப யாரோ லவட்டிட்டாங்க!”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலுக்கடியில் கைவிட்டுச் செருப்புகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

“ஐயா எங்கக்கா? போன தடவ லேட்டா வந்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம். இன்னிக்கும் திட்டுவாரேன்னு இவர் நடுங்கிக்கிட்டே வந்தாரு,” என்றாள் அந்தப் பெண்.

“தூங்குறாரு.”

அவர்கள் இறங்கும் இடத்தில் செருப்புகளைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். இரண்டடி போனவள் நின்றாள். எல்லாம் தண்ணீரைப் பார்த்துக் கிடந்தன.

திரும்பி வந்து குனிந்தாள். ஒவ்வொன்றாகக் கரைப் பக்கம் திருப்பி வைத்தாள்.