எட்டாம் பக்கத்தின் கடைசி வரி

சித்தப்பா ஏரிப் பூங்காக் குழுவின் செயலாளர். மூன்று மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தார்.

"நீ வேதியியல் படிச்சவ, அளந்துதான் எழுதுவே. பூங்காவோட வரலாற்றை எழுதிக் கொடும்மா, வாசல்ல பலகை வைக்கப்போறோம்."

எனக்குப் புதியவர்களிடம் பேச வராது. கையில் நோட்டு இருந்த தைரியத்தில் ஏரிக்கரை பெஞ்சுக்குப் போனேன். அங்கே தினமும் நடக்க வரும் நர்ஸக்கா, ஓய்வுபெற்றவர், நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு. எனக்கு அறுபத்தெட்டு, என் முட்டிக்கு எண்பது. ரெண்டு பேரும் கூட்டாத்தான் வர்றோம்."

அவருடைய அப்பா ஆலைத் தொழிலாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலை முதலாளி படகுத்துறையில் நின்று, இந்தக் கரை இனி எல்லோருக்கும் என்றாராம்.

"நான் அப்பா தோள்மேல இருந்தேன். ஊரே கைதட்டுச்சு. அந்தக் கைதட்டல்தான் எங்க பத்திரம்."

பிறகு சங்கக் கூட்டம், நீச்சல் வகுப்பு, பெண் பார்ப்பது, இரங்கல் கூட்டம் எல்லாமே இங்கேதான். அனைத்தையும் எழுதினேன். ஆய்வுக்கூடப் பழக்கம் விடவில்லை. எட்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'நிலத்தைக் கொடுத்ததற்கு எழுத்து ஆதாரம் கிடைக்கவில்லை.'

எட்டுப் பக்கத்தையும் சித்தப்பாவிடம் கொடுத்தேன். பலகை வரவில்லை. நேற்று தகர வேலி வந்தது. முதலாளியின் பேரன் அங்கே ஹோட்டல் கட்டப்போகிறார். நிலம் தன் குடும்பத்துக்கே சொந்தம் என்று நகரசபைக்கு அவர் கொடுத்த மனுவின் நகலை வேலியில் ஒட்டியிருந்தார்கள். இணைப்பாக என் எட்டாம் பக்கம் மட்டும். கடைசி வரியின் கீழ் சிவப்புக் கோடு. சாட்சிக் கையெழுத்து சித்தப்பாவுடையது.

அவர் வீட்டு வாசலிலேயே கேட்டேன்.

"பலகைக்குன்னுதானே சொன்னீங்க, சித்தப்பா?"

"நீ எழுதுனது பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? உன் தம்பிக்கும் ஹோட்டல்ல ஒரு வேலை சொல்லி வச்சிருக்கேன்."

"நர்ஸக்கா சொன்னது ஏழு பக்கம் இருக்கே?"

"அது கதைம்மா. ஆதாரம் இல்லேன்னு நீயேதானே எழுதிக் கொடுத்தே."

இன்று காலை பூங்காவுக்குப் போனேன். பழைய பெஞ்சு மட்டும் வேலிக்கு வெளியே தப்பியிருந்தது. அதன் நடுவில் நர்ஸக்கா உட்கார்ந்திருந்தார்.

"நான் சொன்னதை நீ நம்பலையா?"

"நம்பினேன், அக்கா. சித்தப்பா என்னை ஏமாத்திட்டாரு."

"உன்னை அவரு. என்னை யாரு?"

பெஞ்சின் ஓரத்துக்குப் போனேன். அவர் நகர்ந்து உட்காரவில்லை.