கட்டி முடிக்கட்டும், அப்புறம்

சவப்பெட்டியை வண்டியிலிருந்து இறக்கியதும் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. முன்னால் நின்ற சிலர்தான் நார்சீஸின் உறவினர்கள். மற்றவர்கள் தொப்பி போட்ட சுற்றுலாக்காரர்கள். கோயிலுக்குள் போகும் வழி இதுதான் என்று நினைத்துவிட்டார்கள்.

"போகச் சொல்லட்டுமா, அத்தை?" என்றாள் இறந்தவரின் மகள் நேயுஸ்.

"இருந்துட்டுப் போகட்டும். உங்கப்பனுக்குக் கூட்டம்னா பிடிக்கும்," என்றாள் ரெமேய். தம்பியின் சாவிலும் அவள் முதுகு வளையவில்லை.

நூறு வருஷத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டே இருக்கும் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தின் நிலவறைச் சிற்றாலயத்தில்தான் சுற்றியுள்ள பேட்டைக்காரர்களுக்குப் பூசை. கல்யாணமும் சாவும் கீழேதான். மேலே உள்ள பெரிய கோயிலில் ரெமேய் காலடி வைத்ததில்லை. "கட்டி முடிக்கட்டும், அப்புறம் போவோம். அரைகுறை வீட்டுக்கு விருந்தாளியா போற வழக்கம் நமக்கில்ல," என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அவர் போய்ச் சேர்ந்தார். கிரேன்கள் போகவில்லை.

அந்தச் சொல்லை மீறியவன் நார்சீஸ் மட்டும்தான். முந்தாநாள் மருத்துவமனையில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "நீயும் ஒரு தடவை பாத்துடு, அக்கா. காடு மாதிரி இருக்கு," என்றான்.

"காடு பாக்கணும்னா மலைக்குப் போறேன். பேசாம தூங்கு."

தூங்கினான். மதியம் நேயுஸ் எழுப்பியபோது எழவில்லை.

பூசை முடிந்தது. கல்லறைக்குக் கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது.

"மேல போக டிக்கெட் வாங்கியிருக்கேன், அத்தை."

"கோபுரம் கட்டி என் வீட்டு வெயிலை மறைச்சவனுக்கு நான் டிக்கெட் வேற வாங்கணுமா?"

"அப்பா கேட்டாரு."

"உங்கப்பன் எதை ஒழுங்கா முடிச்சான்? படிப்பையா, தொழிலையா? அதான் இது அவனுக்குப் பிடிச்சிருக்கு."

நேயுஸ் தனியாகப் படியேறத் தொடங்கினாள். ரெமேய் சற்று நேரம் நின்றாள். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

உள்ளே தூண்கள் உயர்ந்துபோய்க் கிளைகளாகப் பிரிந்தன.

"ஒண்ணாவது நேரா நிக்குதா பாரு. கண்ணாடி முழுக்கச் சாயம். மிட்டாய்க் கடைக்காரன் கட்டினானா இதை?"

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். மேற்கு வெயில் சன்னல்கள் வழியே சிவப்பும் ஆரஞ்சுமாகத் தரையில் இறங்கியிருந்தது. ஒருவன் படமெடுக்க, அவளை நகரும்படி கை காட்டினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"வண்டி வந்து நிக்குது, அத்தை."

"நிக்கட்டும்."

ரெமேய் கறுப்புக் கையுறையை விரல் விரலாகக் கழற்றி மடியில் வைத்தாள். வெறும் கையை வெளிச்சத்தில் நீட்டினாள்.